பாதி முகம் தெரிந்த டாக்டர்

"பாஸ், படம் தெளிவா இருக்கு, சத்தமும் கேக்குது. டாக்டரைக் கூப்பிடுங்க."

போன் திரையில் இருந்தவன் திருதிருவென்று விழித்தான். கசங்கிய டீசட்டை... வாராத தலை... முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு கைலி காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் ரைஸ் குக்கர் ஆவி விட்டது. கேமராவைச் சரிபார்க்க இப்படி ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்களே, கிளினிக் உருப்பட்ட மாதிரிதான் என்று மாதவி நினைத்துக்கொண்டாள்.

"நான் வந்து..."

"நீங்க வந்தது போதும் பாஸ். அப்பாவோட அப்பாயின்மென்ட்டை எத்தனை தடவை தள்ளிப் போட்டீங்க? இப்ப என்னடான்னா கண்ணைப் போன்ல பார்க்கிறோம்னு சொல்றீங்க. மீன் வாங்கக்கூட பாசாருக்கு நேர்ல போயி செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம் லா. கண்ணு என்ன மீனைவிடக் கேவலமா?"

"பார்க்கலாம்ங்க. முடிஞ்ச வரைக்கும் பார்க்கலாம். நான்தான் டாக்டர். சிவநேசன்."

மாதவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சபாபதி, சிரிப்பை அடக்கமுடியாமல் இருமுவது போல் நடித்தார். ஊரே இருமலுக்கு அஞ்சிக் கிடக்கிற காலத்தில் அதுவும் வம்புதான்.

கிருமி வந்து நாடே கதவைச் சாத்திக்கொண்ட நேரம் அது. கிள்ளானில் கோயில் மணிகூட யோசித்து யோசித்து அடித்தது. சபாபதி லோரி ஓட்டி ஓய்ந்தவர். சக்கரை நோயும் கண்ணில் நீரழுத்தமும் உண்டு. வழக்கமாகத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கண் கிளினிக்குக்கு மகள்தான் கூட்டிப்போவாள். இப்போது எல்லாம் வீடியோவில்தான், பார்ப்பதும் புது டாக்டர் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது.

"ஸாரி டாக்டர்... பின்னால கைலி தொங்குச்சு, அதான்..."

"கிளினிக்ல ஒருத்தருக்குப் பாசிட்டிவ். நான் அவர் பக்கத்துல நின்னவன். அதனால ரூமை விட்டு வெளிய போகக்கூடாது. கைலியும் என்னோட சேர்ந்து குவாரன்டீன்ல இருக்கு." அவன் சிரித்தான். சிரித்தபோது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. கண் டாக்டருக்கு எதற்கு இந்தக் குழி என்று மாதவிக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

பரிசோதனை தொடங்கியது. டார்ச் அடி, கீழ் இமையை இழு, மேலே பார், கீழே பார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கச் சொன்னபோதுதான் சபாபதியின் வேலை தெரிந்தது. மூடுகிறேன் பேர்வழி என்று விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், விரல் சந்துல பார்க்கிறீங்க."

"இல்லையே டாக்டர்."

"அங்கிள், எனக்கு உங்க கண்ணு தெரியுது. அப்ப உங்களுக்கும் நான் தெரிவேன்ல?"

மாதவிக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பா, பரிட்சைல காப்பியடிக்கிற பையன் மாதிரி பண்ணாதீங்க. இங்க பாருங்க. உள்ளங்கையைக் குழிச்சு இப்படி வைக்கணும்." அவள் தன் இடது கண்ணை மூடிக் காட்டினாள். "அப்புறம் கையை மாத்தி, இந்தப் பக்கம் இப்படி..."

வலது கண்ணை மூடியவள் அப்படியே நின்றாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"என்ன டாக்டர், ரூமுக்குள்ள தனியா இருந்துகிட்டு எதுக்குத் திடீர்னு மாஸ்க் போட்டீங்க?"

சிவநேசன் கேமராவை நோக்கிக் குனிந்தான்.

"அதுவும் கறுப்பு மாஸ்க்..."

"மிஸ் மாதவி," குரல் மாறியிருந்தது. "நான் மாஸ்க் போடல."

அவள் கையை எடுத்தாள். முகம் முழுசாக இருந்தது. மறுபடி வலது கண்ணை மூடினாள். நெற்றி இருந்தது, இரண்டு கண்கள் இருந்தன. மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை. உதடு இல்லை, தாடை இல்லை, அந்தக் கன்னக் குழி இல்லை. கறுப்பு. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருக்கும் மூக்குக்குக் கீழே கறுப்பு.

"அப்பா..." என்றாள்.

சிவநேசன் அவசரப்படுத்தாமல் கேள்வி கேட்டான். கண்ணாடி பவர் எவ்வளவு? சோடாப் புட்டி கண்ணாடி, சின்ன வயசிலிருந்தே. கண்ணுக்கு முன்னால் கறுப்பாகக் கொசு பறக்கிற மாதிரி இருந்ததா? இருந்தது, ஓவர்டைம் அசதி என்று விட்டுவிட்டாள். ஓரத்தில் மின்னல் அடித்ததா? அடித்தது. கிள்ளானில் மத்தியான மழை வழக்கம்தானே, அது வானத்து மின்னல் என்றுதான் நினைத்தாள்.

"கண்ணுக்குப் பின்னால விழித்திரைன்னு ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கு. நாம பார்க்கிறது அதுலதான் பதியும். உங்க இடது கண்ணுல அது கிழிஞ்சு, சுவத்துல காகிதம் உரியுற மாதிரி உரிஞ்சு வருதுன்னு சந்தேகப்படுறேன். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு போல. அதனாலதான் என் கண்ணாவது உங்களுக்குத் தெரியுது. அதுவும் கழண்டுட்டா ஆபரேஷன் பண்ணாலும் பழைய பார்வை வர்றது கஷ்டம்."

"நாளைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கு டாக்டர். லீவு சொல்லணும்..."

"நாளைக்கு இல்ல. இப்ப கெளம்பணும்."

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மாதவிக்கு வேலை. கையுறையில் காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசி முனை ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கிறவள். அந்த வரிசையில் அவளுடைய கண்ணுக்குத்தான் பேர். ஊருக்கெல்லாம் ஓட்டை பார்த்தவளுக்குத் தன் கண்ணில் விழுந்த கிழிசல் தெரியாமல் போய்விட்டது. கண் போனால் வேலை போச்சு. வேலை போனால் அப்பாவின் சொட்டு மருந்தும் சோறும் என்ன ஆவது?

அப்புறம் நடந்ததெல்லாம் கனவு மாதிரி இருந்தது. வாடகைக்கு அழைத்த கிராப் கார் வந்தது. பின் சீட்டில் படுத்து, தலையை அப்பாவின் மடியில் வைத்துக்கொண்டாள். போனை மட்டும் சிவநேசன் அணைக்கவிடவில்லை.

"வச்சுடாதீங்க. பிரிக்பீல்ட்ஸ் வர்ற வரைக்கும் நான் இருக்கேன். தலையை ஆட்டாதீங்க."

ஃபெடரல் நெடுஞ்சாலை ஆளரவம் இல்லாமல் கிடந்தது. சுபாங் ஜெயாவைத் தாண்டும் முன்பே போலீஸ் தடுப்பு. முகக்கவசக் கண்ணாடி மாட்டிய அதிகாரி குனிந்து, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். சபாபதி போனை நீட்டினார். அதிகாரி திரையைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார், ரைஸ் குக்கரைப் பார்த்தார்.

"இவரா டாக்டர்?"

அந்த நிலையிலும் மாதவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரைக்குள் ஒரே தடபுடல். எங்கிருந்தோ வெள்ளைக் கோட்டை உருவி, டீசட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு, அவன் பணிவான மலாயில் விளக்கினான். இந்தப் பெண்ணின் கண் போய்க்கொண்டிருக்கிறது, துவான், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அதிகாரி படுத்திருந்தவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தடுப்பைத் தானே நகர்த்திவிட்டார்.

கார் வேகமெடுத்ததும் சிரிப்பு போய் அழுகை முட்டியது. "டாக்டர்... அழலாமா? கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?"

"அழுங்க. அழுதா கண்ணுக்கு ஒன்னும் ஆகாது. தலையை மட்டும் ஆட்டாம அழுங்க."

அவள் அழுதாள். கார் கூரையைப் பார்த்தபடியே, தலையை அசைக்காமல் அழுதாள். மறுமுனையில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் போகவும் இல்லை.

கிளினிக்கின் மூத்த டாக்டர் ரமணி அன்றைக்கே ஆபரேஷன் செய்தார். கிழிசலை ஒட்டி, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார். அந்தக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு வந்தபிறகும் சில நாள் முகத்தைக் குப்புறவே வைத்திருக்க வேண்டும் என்று கட்டளை. சாப்பாடு குனிந்தபடி, தூக்கம் கவிழ்ந்தபடி. தினசரி வீடியோ சோதனை, அறையில் அடைபட்டுக் கிடந்த சிவநேசனிடம் வந்தது.

குப்புறப் படுத்திருப்பவளை எப்படி வீடியோவில் பார்ப்பது? போனைத் தரையில் வைத்தார்கள். கட்டில் விளிம்பில் நெற்றியை ஊன்றிக்கொண்டு, மேலிருந்து அவள் அதற்குள் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன தெரியுது டாக்டர்?"

"மூக்கு. அதுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் மூக்கு. கண்ணு ரொம்ப தூரத்துல இருக்கு."

"கண் டாக்டருக்கு மூக்கைப் பத்தி என்ன தெரியும்?"

"இப்பத்தான் படிச்சுகிட்டு இருக்கேன்."

கட்டைக் கழற்றச் சொல்லி, வீக்கத்தையும் சிவப்பையும் பார்ப்பான். வலி எப்படி, சொட்டு மருந்து விட்டாச்சா என்று கேட்பான். அது முடிந்த பிறகும் பேச்சு முடியாது. அவன் சாலாக் செலாத்தானில் வளர்ந்தவன், சமைக்கத் தெரியாதவன். அன்றைக்கு ரசத்தில் புளிக்குப் பதிலாக எதைப் போட்டான் என்பது வரை அவளுக்குத் தெரிந்துபோனது. குப்புறக் கிடந்த நாட்களில், தரையில் தெரிந்த அந்தச் சின்ன வெளிச்சம்தான் அவளுக்கு ஜன்னலாக இருந்தது.

ஒருநாள் திரையில் ஒரு சொட்டு விழுந்தது.

"போன்ல தண்ணி பட்டிருக்கு," என்றான்.

"மழை."

"வீட்டுக்குள்ளயா?"

"கிள்ளான்ல மழை பேஞ்சா வீட்டுக்குள்ளதான் டாக்டர் தண்ணி." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். "எனக்குப் பார்வை திரும்புமா? பொய் சொல்லாதீங்க."

"பொய் சொல்ல மாட்டேன். தெரியல. ஆனா நீங்க அன்னைக்கே கெளம்பி வந்தீங்க. அது பெரிய விஷயம்."

நல்லா வந்துடும் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். தெரியல என்றான் பாருங்கள், அந்த இடத்தில்தான் அவள் மனசு வழுக்கி விழுந்தது. விழுந்தவள் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"டாக்டர்... எல்லா பேஷண்ட்கிட்டயும் இவ்வளவு நேரம் பேசுவீங்களா?"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "மருந்தை மறக்காம விடுங்க," என்று மட்டும் சொன்னான். திரை அணைந்தது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு, கட்டில் விளிம்பில் எட்டிப் பார்த்தாள். திரையில் நரைத்த கொண்டையும் தங்கக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள் இருந்தார்.

"வணக்கம் மாதவி. ரமணி பேசறேன். இனிமே உங்களை நான்தான் பார்ப்பேன். சிவநேசன் உங்க கேஸை என்கிட்ட ஒப்படைச்சிட்டார்."

"ஏன் டாக்டர்?"

"அவரே கேட்டுக்கிட்டார்மா. சரி, கட்டைக் கழட்டுங்க பார்ப்போம்."

கண்ணில் கத்தி வைத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. தள்ளிவிட்டான். ஒரு கேள்வி கேட்டதற்கு, வழிகிற பெண் என்று முடிவு கட்டித் தள்ளிவிட்டான். நாலு வார்த்தை அன்பாகப் பேசினால் நாலு மாடி கட்டிவிடுவாயா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அவன் எண்ணை அழித்தாள். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழித்து என்ன பயன் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"டாக்டருக்கு ஆயிரம் பேஷண்ட்மா," என்றார் சபாபதி.

"நான் ஒன்னும் கேக்கலையே."

"நானும் ஒன்னும் சொல்லலையே."

கஷ்டம் என்னவென்றால், சபாபதியின் கண்ணை இன்னமும் சிவநேசன்தான் பார்த்தான். அவர் வீடியோவில் உட்காரும்போது மாதவி சமையலறைக்குள் போய்விடுவாள்.

"மகள் எப்படி இருக்காங்க அங்கிள்?"

"அவ... வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னா டாக்டர்."

உள்ளேயிருந்து ஒரு கரண்டி விழும் சத்தம் கேட்டது. "சரி அங்கிள். வலது கண்ணை மூடுங்க," என்றான். சபாபதி உள்ளங்கையைக் குழித்து அழகாக மூடினார். மகள் சொல்லிக்கொடுத்த விதம் அது.

குமிழி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நாட்டின் கதவுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. மாதவி ஒரு காரியத்தை மட்டும் செய்யவில்லை. நல்ல கண்ணை மூடிக்கொண்டு, ஆபரேஷன் செய்த கண்ணால் எந்த முகத்தையும் பார்க்கவில்லை. மறுபடியும் பாதி முகம்தான் தெரியுமோ என்ற பயம் அவளுக்கு.

நேரில் வரச் சொன்ன நாளில் தனியாகவே பிரிக்பீல்ட்ஸ் போனாள். வாசலில் வருகையைப் போனில் பதியும் செஜாத்ரா ஸ்கேன், நெற்றியில் சூடு பார்க்கும் கருவி, நாற்காலிக்கு நாற்காலி சிவப்புச் சிலுவைக் குறி. டாக்டர் ரமணி விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"விழித்திரை அழகா ஒட்டிக்கிச்சு. வேலைக்குப் போகலாம். இனி இங்க வர வேண்டியதில்ல, கிள்ளான்லயே ஒரு கண் டாக்டர்கிட்ட அனுப்பறேன். இந்தக் கிளினிக்ல உங்க கேஸ் முடிஞ்சது."

சந்தோஷத்தில் துள்ளியிருக்க வேண்டும். முடிஞ்சது என்ற சொல்தான் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. சிவநேசனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வந்ததும் மழை கொட்டியது. கடைவரிசைக் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள். பூக்கடையில் மல்லிகை மணந்தது. தெரு முழுக்கத் தண்ணீர் ஓட, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கையில் சோற்றுப் பொட்டலத்தோடு ஓடிவந்து, கூரைக்குள் நுழைந்து, குடையைப் படாரென்று மடக்கினான். குடைக்கம்பி அவள் முகத்துக்கு அருகே வந்து போனது.

அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பாஸ், கண்ணு தெரியல? இப்பத்தான் ஆபரேஷன் பண்ண கண்ணு. குடையைப் பார்த்து மடக்கத் தெரியாதா..."

"தலையை ஆட்டாதீங்க," என்றான் அவன். பழக்கதோஷத்தில் வந்த வார்த்தை.

மழைச் சத்தம் எங்கோ போய்விட்டது. நீல மாஸ்க்குக்கு மேலே நனைந்த நெற்றி... அகல விரிந்த இரண்டு கண்கள்... அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். எல்லாம் இருட்டிப்போன அன்றைக்கு, அவளுக்குத் தெரிந்தது அந்தக் கண்கள் மட்டும்தான். இத்தனை நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத அவன், கைக்கெட்டும் தூரத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றான்.

"மாதவி..." என்றான். அவனும் பேயறைந்தவன் போலத்தான் நின்றான்.

"மிஸ் மாதவி."

"மிஸ் மாதவி."

"நான் வழிஞ்சேன்னு நினைச்சுத்தானே தள்ளிவிட்டீங்க?" இத்தனை நாள் அடக்கி வைத்தது, அணை உடைந்த மாதிரி வந்தது. "ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல. பேசாம போனை வச்சிட்டு, மறுநாள் வேற டாக்டர். குப்புறக் கிடந்தவளுக்கு அந்தப் போனை விட்டா வேற என்ன இருந்துச்சு?"

"நான் உங்களைத் தள்ளிவிடல."

"பின்ன?"

அவன் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"எல்லார்கிட்டயும் இவ்வளவு நேரம் பேசுவீங்களான்னு கேட்டீங்க. ஆமான்னு சொல்லியிருந்தா பொய். இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல. கண்ணு போயிடுமோன்னு பயந்து என்னை நம்பிக் கிடந்தீங்க. அந்த நேரத்துல டாக்டர் அப்படிப் பேசினா அது அசிங்கம். அதனால அன்னைக்கே ரமணி டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னேன்."

"என்னன்னு?"

"இந்தப் பேஷண்டை என்னால இனி பேஷண்டா மட்டும் பார்க்க முடியலன்னு." அவன் குரல் இறங்கியது. "செமத்தியா திட்டு வாங்கினேன். கேஸ் முடியுற வரைக்கும் ஒரு மெசேஜ்கூடப் போகக்கூடாதுன்னாங்க. போகல. அங்கிள்கிட்ட மட்டும் கேட்டேன். நீங்க வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னீங்கன்னார்."

மாதவிக்கு அவனை உதைக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இவன் தள்ளிவிட்டான் என்று நினைத்து எத்தனை நாள் வெந்திருக்கிறாள்... அத்தனை நாளும் அவன் காத்துக்கொண்டிருந்தானாம்.

"கேஸ் முடிஞ்சிடுச்சு," என்றாள் மெதுவாக. "இப்பத்தான். அரைமணி நேரம்கூட ஆகல."

அவன் நிமிர்ந்தான்.

"மாஸ்க்கை இறக்குங்க."

"எஸ்.ஓ.பி. விதி இருக்கு மாதவி... தெருவுல..."

"நான் ஒரு மீட்டர் தள்ளித்தான் நிக்கிறேன். இறக்குங்க லா."

அவன் இறக்கினான். மாதவி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையைக் குழித்து, வலது கண்ணை மூடினாள். இத்தனை நாள் பயந்து பயந்து தள்ளிப்போட்ட காரியம் அது.

"என்ன தெரியுது?" அவன் குரலில் டாக்டரும் இருந்தான், பயந்துபோன ஒருவனும் இருந்தான்.

நெற்றி தெரிந்தது. கண்கள் தெரிந்தன. மூக்கு... அதற்குக் கீழே... தண்ணீருக்குள் பார்ப்பது போல லேசாக நெளிந்தது. ஆனால் கறுப்பு இல்லை. உதடு இருந்தது, மழைத்துளி சொட்டும் தாடை இருந்தது, கன்னத்தில் அந்தப் பாழாய்ப்போன குழியும் இருந்தது.

"நீங்க சிரிக்கிறீங்க," என்றாள்.

"சரி. அப்புறம்?"

மூடிய கையை அவள் எடுக்கவில்லை. "அந்தக் கேள்விக்கு இன்னும் நீங்க வாயால பதில் சொல்லல. எல்லார்கிட்டயும் பேசுவீங்களா?"

"இல்ல. உங்ககிட்ட மட்டும்தான்."

அந்த வார்த்தைகள் அவன் உதட்டிலிருந்து வருவதை, செத்துப்போகவிருந்த அந்தக் கண்ணாலேயே அவள் பார்த்தாள்.

"எனக்கும் அப்படித்தான்," என்றாள்.